மின்கம்பி எப்பக்கம் நகரும்?

நேயர்களே, தங்கள் வானொலிப் பெட்டியிலிருந்து இப்பொழுது எழுகின்ற ஒலி, அப்பெட்டியினுள் இருக்கும் கூம்பு ஒன்று முன்னும் பின்னுமாக அதிர்வதால் உண்டாவதாகும். அக்கூம்பின் அடிப்புறத்தில் மெல்லிய கம்பியாலான சுருள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. வலிய காந்தம் ஒன்றின் இரு முனைகளுக்கும் இடையேயுள்ள குறுகிய வட்டமான இடைவெளியில் அச்சுருள் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. சுருளில் மின்னோட்டம் ஒரு திசையில் பாய்ந்தால் கூம்பு முன்னே தள்ளப்படுகிறது. எதிர்த் திசையில் பாய்ந்தால் பின்னே இழுக்கப்படுகிறது. பேசுவோர் குரலுக்கேற்ப மின்னோட்டம் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை திசை மாறுகிறது. கூம்பும் அதற்கிணங்க அசைகிறது. அவ்வசைவே காற்றில் பரவித் தங்கள் செவியை வந்தடைகிறது.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. மின்னோட்டம் சுருளின் வழியே வட்டமாகச் சுற்றுகிறது. காந்தத்தின் விசைக்கோடுகளோ, விரித்த குடையின் கம்பிகளைப்போல நடுவிலிருந்து வெளிநோக்கிச் செல்கின்றன. இவ்விரு திசைகளுள் எதையும் பின்பற்றாது, கூம்பு மூன்றாவதான ஒரு திசையில், அதாவது முன்னும் பின்னுமாக, நகர்வானேன்? மின்னோட்டத்துக்கும் செங்குத்து, காந்தத்துக்கும் செங்குத்து என்னும் இந்த விந்தையான திசையை இயற்கை ஏன் தேர்ந்தெடுத்தது?

பள்ளியில் பௌதிகம் பயின்றோர் இவ்விடத்தில் இடக்கை விதியை நினைவு கூர்வர். பரீட்சை எழுதும் மாணவர் பலர், இடக்கையா வலக்கையா என்று மயங்கி, இரு கைகளையும் மாறி மாறித் திருப்பிப் பார்ப்பதும் உண்டு. விரல்களின் பெயர்கள் மனப்பாடமாகிவிடுகின்றன, விஷயமோ மறைந்துபோகிறது. அவ்விதி எதைச் சொல்கிறது, அதில் இயற்கையின் நியதி எவ்வளவு, மனிதர் தம் வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு எவ்வளவு என்பதைப் பிரித்துக் காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை விஞ்ஞானிகள் அறிந்திருந்த விசைகள் யாவும் நேர்க்கோட்டில் இயங்குபவை. நியூட்டன் கண்ட ஈர்ப்பு விசை, ஒரு பொருளை மற்றொரு பொருளை நோக்கி நேராக இழுக்கிறது. 1785-இல் பிரெஞ்சு அறிஞர் கூலம் அளந்து காட்டிய மின்விசையும் அவ்வாறே; ஒன்று ஈர்க்கும், அல்லது விலக்கும். ஈர்த்தலும் விலக்குதலும் இரு பொருள்களையும் இணைக்கும் கோட்டிலேயே நிகழும். பக்கவாட்டில் தள்ளுகின்ற விசை ஒன்று இருக்கக்கூடும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை.

அந்த எண்ணத்தைக் கலைத்தவர் டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரில் பேராசிரியராயிருந்த ஓர்ஸ்டெட் என்பவர். 1820-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், மாணவர்க்கு விரிவுரை நிகழ்த்துகையில், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே இருந்த காந்த ஊசி அசைவதை அவர் கண்டார். பின்னர் நுணுக்கமாக ஆராய்ந்து, அதே ஆண்டு ஜூலை 21-ஆம் நாள், லத்தீன் மொழியில் நான்கு பக்கங்களே கொண்ட ஒரு சிற்றேட்டை வெளியிட்டார். ஐரோப்பிய விஞ்ஞான உலகம் முழுவதையும் அச்சிற்றேடு வியப்பில் ஆழ்த்தியது.

அவர் கண்டது இதுதான். ஒரு கம்பியைத் தெற்கு வடக்காக, காந்த ஊசியின் மேலே பிடிக்க வேண்டும். கம்பியில் தெற்கிலிருந்து வடக்கே மின்னோட்டத்தைச் செலுத்தினால், ஊசியின் வடமுனை கம்பியை நோக்கி வருவதுமில்லை. கம்பியை விட்டு விலகுவதுமில்லை. அது மேற்குப் பக்கமாகத் திரும்புகிறது. அதே கம்பியை ஊசியின் கீழே வைத்தாலோ, அது கிழக்குப் பக்கமாகத் திரும்புகிறது. மேலே ஒரு பக்கம், கீழே மறு பக்கம் என்றால், காந்த விளைவு கம்பியை வட்டமாகச் சூழ்ந்து நிற்கிறது என்பது பொருள். கம்பியின் வழியே செல்வது நேரான ஓட்டம். அதனால் பிறப்பதோ அதனைச் சுற்றி வளைக்கும் காந்தப் புலம்.

இச்செய்தி பாரிஸ் நகரை எட்டியது. செப்டம்பர் 11-ஆம் நாள் அங்குள்ள விஞ்ஞானக் கழகத்தில் அராகோ என்பவர் இப்பரிசோதனையைச் செய்து காட்டினார். அவையில் இருந்த ஆம்பியர் ஒரே வாரத்தில் தம் முதற் கட்டுரையுடன் வந்து நின்றார். ஊசி திரும்பும் திசையை நினைவில் கொள்ள அவர் ஓர் உபாயமும் கூறினார். கம்பியின் வழியே ஒரு மனிதன் நீந்துவதாகக் கற்பனை செய்துகொள்க. மின்னோட்டம் அவன் காலில் புகுந்து தலை வழியே வெளியேறுகிறது. அவன் ஊசியைப் பார்த்த வண்ணம் இருக்கிறான். அப்பொழுது ஊசியின் வடமுனை அவனது இடப்பக்கமாகத் திரும்பும். மின்சார சாஸ்திரத்தில் திசையைச் சொல்ல மனித உடலைத் துணைக்கழைத்த முதல் விதி இதுவே எனலாம்.

ஆம்பியர் அத்துடன் நின்றுவிடவில்லை. கம்பியின் அருகே காந்தம் அசையுமாயின், காந்தமே இல்லாமல் இரு கம்பிகளை அருகருகே வைத்தால் என்ன ஆகும் என்று வினவினார். விடை தெளிவாகக் கிடைத்தது. இணையான இரு கம்பிகளில் மின்னோட்டம் ஒரே திசையில் பாய்ந்தால் அவை ஒன்றையொன்று ஈர்க்கின்றன. எதிரெதிர்த் திசைகளில் பாய்ந்தால் விலக்குகின்றன. இவ்வுண்மையை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன். இதைச் சொல்வதற்கு இடக்கையும் வேண்டியதில்லை, வலக்கையும் வேண்டியதில்லை என்பதைப் பின்னர் எடுத்துக்காட்டுவேன்.

அடுத்த ஆண்டு லண்டன் நகரின் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் பாரடே இவ்வாராய்ச்சியை மேற்கொண்டார். அவருக்கு அப்பொழுது முப்பது வயதும் நிறையவில்லை. 1821 செப்டம்பர் 3, 4 ஆகிய நாட்களில் அவர் ஒரு கிண்ணத்தில் பாதரசத்தை நிரப்பி, நடுவே ஒரு காந்தத்தை நிமிர்த்தி நிறுத்தினார். மேலிருந்து தொங்கிய கம்பியின் நுனி பாதரசத்தில் தோய்ந்திருந்தது. மின்னோட்டத்தைச் செலுத்தியதும் கம்பி காந்தத்தின் பக்கம் ஒட்டிக்கொள்ளவில்லை. அதனைச் சுற்றிச் சுற்றி வரலாயிற்று. மின்னோட்டம் உள்ளளவும் சுழற்சியும் நிற்கவில்லை. நேரே இழுக்கும் விசையாயின் கம்பி காந்தத்தை அடைந்தவுடன் இயக்கம் முடிந்திருக்கும். விசை எப்பொழுதும் பக்கவாட்டில் தள்ளியதனாலேயே கம்பி ஓயாது சுழன்றது. இன்று உலகெங்கும் சுழலும் மின்சார மோட்டார்களுக்கெல்லாம் முன்னோடி அக்கிண்ணமே.

இனி, விதியைச் சொல்லுவோம். காந்தப் புலத்தில் நிற்கும் கம்பியில் மின்னோட்டம் பாயும்போது, கம்பியின்மேல் ஒரு விசை செயற்படுகிறது. அவ்விசை மின்னோட்டத்தின் திசைக்கும் செங்குத்தாக இருக்கும். காந்தப் புலத்தின் திசைக்கும் செங்குத்தாக இருக்கும். கம்பி காந்தப் புலத்துக்குக் குறுக்கே நின்றால் விசை மிகுதி, சாய்ந்தால் குறையும், புலத்தின் திசையிலேயே கம்பி நீண்டிருந்தால் விசை சிறிதும் இல்லை. மின்னோட்டம், கம்பியின் நீளம், காந்தப் புலத்தின் வலிமை ஆகிய மூன்றும் கூடக் கூட விசையும் அதே அளவில் கூடும்.

செங்குத்து என்றால் மட்டும் போதாது. கிழக்கு மேற்காக ஒரு கோடும், தெற்கு வடக்காக ஒரு கோடும் இருந்தால், இரண்டுக்கும் செங்குத்தான கோடு மேலும் கீழுமாக நிற்கும். மேலா, கீழா என்பதை முடிவு செய்யவே கை தேவைப்படுகிறது. வானொலியில் படம் வரைந்து காட்ட இயலாது. ஆயினும் அதற்கு வேண்டிய படம் நேயர் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது.

வடக்கு நோக்கி நின்றுகொள்ளுங்கள். இடக்கையை முன்னே நீட்டுங்கள். சுட்டுவிரல் நேராக வடக்கைக் காட்டட்டும். கட்டைவிரல் வானை நோக்கி நிமிர்ந்து நிற்கட்டும். நடுவிரலை உள்ளங்கைப் பக்கமாக, மற்ற இரு விரல்களுக்கும் செங்குத்தாக மடக்குங்கள். அது கிழக்கைக் காட்டும். சுட்டுவிரல் காந்தப் புலத்தின் திசை. நடுவிரல் மின்னோட்டத்தின் திசை. கட்டைவிரல் கம்பி தள்ளப்படும் திசை. இதுவே பிளெமிங்கின் இடக்கை விதி.

வடக்கு நோக்கி நிற்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பூமியே ஒரு பெரிய காந்தம். அதன் காந்தப் புலம் நிலப்பரப்பில் தெற்கிலிருந்து வடக்கே செல்கிறது. வடநாட்டில் அது நிலத்துக்குள் சாய்ந்து இறங்குகிறது. தென்னாட்டின் கோடியிலோ ஏறக்குறையக் கிடைமட்டமாகவே செல்கிறது. காந்த நடுக்கோடு அப்பகுதியை ஒட்டிச் செல்வதே அதற்குக் காரணம். கேரளத்துத் தும்பாவில் ராக்கெட் ஏவுதளத்தை அமைத்து, 1963 நவம்பர் 21-ஆம் நாள் முதல் ராக்கெட்டை ஏவியதற்கும், அவ்விடம் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருந்ததே முக்கிய காரணமாயிற்று. ஆகவே, தென்கோடியில் வடக்கு நோக்கி நின்று இடக்கையை நீட்டும் ஒருவருக்கு அவர் சுட்டுவிரல் பூமியின் காந்தப் புலத்தையே காட்டுகிறது. அங்கே மேற்கிலிருந்து கிழக்கே ஒரு கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால், பூமி அக்கம்பியை மேல்நோக்கித் தூக்க முயல்கிறது. கிழக்கிலிருந்து மேற்கே பாய்ந்தால் கீழ்நோக்கி அழுத்துகிறது. தெற்கு வடக்காகப் பாய்ந்தால் ஒன்றும் செய்வதில்லை.

இவ்விசை எவ்வளவு? 1 மீட்டர் நீளமுள்ள கம்பியில் 10 ஆம்பியர் மின்னோட்டம் பாய்வதாகக் கொள்வோம். பூமியின் காந்தம் அதனைத் தூக்கும் விசை சுமார் 40 மில்லிகிராம் எடைக்கே சமம். அதாவது சில அரிசி மணிகளின் எடைக்கும் குறைவு. அதே கம்பியை 1 டெஸ்லா வலிமையுள்ள காந்தப் புலத்தில் வைத்தாலோ, விசை ஏறக்குறைய ஒரு கிலோகிராம் எடைக்குச் சமமாகிவிடும். வலிமையில் இருபத்தையாயிரம் மடங்கு வேறுபாடு. திசையைக் கூறும் விதி மட்டும் இரண்டுக்கும் ஒன்றே.

இவ்விதியைத் தந்த ஜான் ஆம்புரோஸ் பிளெமிங், 1885-இல் லண்டன் யுனிவர்ஸிடி கல்லூரியில் மின்சாரப் பொறியியல் பேராசிரியராக அமர்ந்தவர். மாணவர்கள் மோட்டாரையும் மின்னாக்கியையும் குழப்பிக்கொள்வதைத் தவிர்க்கவே, மோட்டாருக்கு இடக்கை, மின்னாக்கிக்கு வலக்கை என்று அவர் பிரித்துக் கொடுத்தார். பழைய வானொலிப் பெட்டிகளில் செந்தணலாய் ஒளிர்ந்த வால்வுகளின் மூதாதையான வெற்றிடக் குழாயை 1904-இல் கண்டுபிடித்தவரும் அவரே. எனினும் அவர் பெயரைப் பள்ளிதோறும் நிலைக்கச் செய்தது வால்வு அன்று, மூன்று விரல்களே.

கையின் உதவி இன்றியே இத்திசையைக் காண ஒரு வழி உண்டு. அதுவே பொருளை விளக்குவதும் ஆகும். திருப்புளியால் திருகாணியை வலஞ்சுழியாகத் திருகினால் அது மரத்துக்குள் முன்னேறுகிறது. திருகாணி முன்னேறும் திசை மின்னோட்டம் எனின், திருகும் திசையே அதைச் சுற்றியெழும் காந்தப் புலத்தின் திசை. இப்பொழுது நமது கிழக்கு நோக்கிய கம்பிக்குத் திரும்புவோம். அதன் மின்னோட்டத்தால் எழும் வட்டமான புலம், கம்பிக்குக் கீழே வடக்கு நோக்கியும், கம்பிக்கு மேலே தெற்கு நோக்கியும் செல்கிறது. பூமியின் புலமோ எங்கும் வடக்கு நோக்கியது. ஆகவே கம்பிக்குக் கீழே இரண்டும் ஒன்றுசேர்ந்து வலுக்கின்றன. மேலே ஒன்றையொன்று எதிர்த்து நலிகின்றன. புலம் செறிந்த பக்கத்திலிருந்து புலம் மெலிந்த பக்கத்துக்குக் கம்பி தள்ளப்படுகிறது. கீழிருந்து மேலே! இடக்கை சொன்ன விடையும் இதுவே. ஒரு பக்கம் கூடி மறு பக்கம் குறைவதாலேயே விசை குறுக்கே செயற்படுகிறது என்பதும் இதனால் புலனாகிறது.

விரல் விதியை அறிந்தோர் எளிதில் மறந்துவிடும் ஓர் உண்மையும் உண்டு. மின்னோட்டத்தின் திசையை மட்டும் மாற்றினால் விசை எதிர்ப்பக்கம் திரும்பும். காந்தப் புலத்தை மட்டும் மாற்றினாலும் அவ்வாறே. இரண்டையும் ஒருசேர மாற்றினால் விசை மாறாது. இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 1925 பிப்ரவரி 3-ஆம் நாள் பம்பாயில் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு நம் நாட்டின் முதல் மின்சார ரயில் ஓடிற்று. அத்தகைய ரயில்களை இழுத்தவை நேர்மின்னோட்ட மோட்டார்கள். வண்டியைப் பின்னோக்கிச் செலுத்த வேண்டுமாயின், சுழலும் சுருளின் மின்னோட்டத்தையோ, நிலையான காந்தச் சுருளின் மின்னோட்டத்தையோ, ஏதேனும் ஒன்றை மட்டுமே திருப்ப வேண்டும். இரண்டையும் திருப்பினால் வண்டி முன்போலவே முன்னோக்கித்தான் செல்லும்.

இதே உண்மையைச் சமையலறையிலும் காணலாம். மாவரைக்கவும் சட்னி அரைக்கவும் பயன்படும் மிக்ஸியின் மோட்டாரில், நிலைச்சுருளும் சுழல்சுருளும் ஒரே சங்கிலிபோல் தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன. நம் வீடுகளுக்கு வரும் மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை திசை மாறுகிறது. ஒவ்வொரு முறையும் இரு சுருள்களிலும் மின்னோட்டம் ஒருசேரத் திரும்புவதால், விசையின் திசை மாறுவதில்லை. மிக்ஸியும் ஒரே பக்கமாகச் சுழன்றுகொண்டிருக்கிறது. கிணற்று நீரை இறைக்கும் மும்முனை மோட்டாரின் நிலை வேறு. அங்கே மூன்று கம்பிகளுள் ஏதேனும் இரண்டை இடம் மாற்றி இணைத்துவிட்டால், காந்தப் புலம் சுழலும் பக்கமே மாறி, மோட்டாரும் எதிர்ப்பக்கம் சுழலும். பம்பு ஓடும் ஓசை கேட்கும். நீரோ மிகக் குறைவாகவே வரும். திசையை அறியாமையின் விலையை அப்பொழுது வயல் கொடுக்கிறது.

பெரிய மின் நிலையங்களில் இவ்விலை இன்னும் கடுமையானது. பல்லாயிரம் ஆம்பியர் தாங்கும் தடித்த சட்டங்கள் அங்கே இணையாகச் செல்கின்றன. மின்சுற்றில் பழுது ஏற்பட்டு, 20 சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ள இரு நீண்ட சட்டங்களில் எதிரெதிராக 50,000 ஆம்பியர் பாய்ந்தால், ஒவ்வொரு மீட்டர் நீளத்தின்மேலும் சுமார் 250 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை அவற்றைப் பிரித்துத் தள்ளும். விசை எப்பக்கம் வரும் என்பதை முன்னரே கணித்து, அப்பக்கத்தில் தாங்கு கட்டைகளை அமைத்திராவிடில் சட்டங்கள் வளைந்து பிய்ந்துபோகும். ஆம்பியர் கண்ட இணைகம்பி விசையே இது. 1948 முதல் மின்னோட்டத்தின் அலகான ஆம்பியர் இவ்விசையைக் கொண்டே வரையறுக்கப்பட்டிருந்தது. 2019 மே 20-ஆம் நாளிலிருந்து அவ்வரையறை கைவிடப்பட்டு, எலக்ட்ரானின் மின்னேற்ற அளவை அடிப்படையாகக் கொண்ட வரையறை நடைமுறைக்கு வந்தது.

எலக்ட்ரான் என்றதும் ஓர் ஐயம் எழலாம். மின்னோட்டம் நேர்முனையிலிருந்து எதிர்முனைக்குப் பாய்கிறது என்று நாம் கொள்கிறோம். பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் சூட்டிய பெயர்களிலிருந்து வந்த வழக்கம் இது. 1897-இல் எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்ட பின்னர், கம்பியில் உண்மையில் ஓடுவன எதிர்மின் துகள்கள் என்பதும், அவை எதிர்ப்பக்கமாகவே செல்கின்றன என்பதும் தெரியவந்தன. அங்ஙனமாயின் நமது விதி பொய்த்துவிடுமோ? பொய்க்காது. செல்லும் திசையும் எதிர், மின்னேற்றமும் எதிர் ஆதலால் இரண்டு மாற்றங்களும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. கம்பி நகரும் பக்கம் அதுவேதான்.

ஆனால் கம்பியின் உள்ளே என்ன நிகழ்கிறது என்று பார்த்தால் அந்த வேறுபாடு வெளிப்பட்டுவிடும். 1879-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த எட்வின் ஹால் ஒரு கேள்வி எழுப்பினார். விசை கம்பியின்மேல் செயற்படுகிறதா, மின்னோட்டத்தின்மேலேயே செயற்படுகிறதா? கம்பியின்மேல்தான் என்று மேக்ஸ்வெல் எழுதியிருந்தார். ஹால் மெல்லிய தங்கத் தகட்டைக் கண்ணாடியில் ஒட்டி, அதனை வலிய காந்தத்தின் நடுவே வைத்து மின்னோட்டத்தைச் செலுத்தினார். தகட்டின் ஒரு விளிம்புக்கும் எதிர் விளிம்புக்கும் இடையே சிறிய மின்னழுத்தம் தோன்றிற்று. மின்னோட்டமே ஒரு பக்கமாக ஒதுக்கப்படுகிறது என்பதற்கு அது சான்று. ஓடுவன எதிர்மின் துகள்களாயினும் நேர்மின் துகள்களாயினும், அவை ஒதுங்கும் விளிம்பு ஒன்றே. ஆகவே அவ்விளிம்பில் தோன்றுவது எம்மின்னேற்றம் என்று அளந்தால், உள்ளே ஓடுவது எது என்பதைச் சொல்லிவிடலாம். இன்று மின்சார ஸ்கூட்டர்களின் மோட்டாரில் காந்தம் எந்நிலையில் நிற்கிறது என்பதை உணர்ந்து சொல்லும் சிறு உணர்கருவிகள், ஹால் கண்ட இவ்விளைவைக் கொண்டே இயங்குகின்றன.

ஆர்வமுள்ளோர் இவ்விசையை வீட்டிலேயே கண்ணால் காணலாம். உணவுப் பொருள் சுற்றும் அலுமினியத் தாளில் ஒரு விரல் அகலமும் ஒரு சாண் நீளமும் உள்ள கீற்று ஒன்றை வெட்டி, அதன் இரு நுனிகளையும் இரண்டு புத்தகங்களின்மேல் ஒட்டி, நடுவில் தளர்வாகத் தொங்கவிடுங்கள். அடியில் ஒரு தட்டைக் காந்தத்தை வையுங்கள். டார்ச் விளக்கின் ஒரே ஒரு பேட்டரியிலிருந்து இரு கம்பிகளை எடுத்து, கீற்றின் இரு நுனிகளையும் ஒரு கணம் மட்டும் தொடுங்கள். நீடித்துத் தொட்டால் கீற்று சூடேறிவிடும். வீட்டு மின்சாரத்தை இதற்கு ஒருக்காலும் பயன்படுத்தலாகாது. கீற்று காந்தத்தை நோக்கிக் கீழே வராது, பக்கவாட்டில் துள்ளும். பேட்டரியைத் திருப்பினால் மறுபக்கம் துள்ளும். காந்தத்தைக் கவிழ்த்து வைத்தாலும் மறுபக்கம். இரண்டையும் சேர்த்துத் திருப்பினால் முதலில் துள்ளிய பக்கமே! நூறு முறை விதியைப் படிப்பதைவிட இவ்வொரு முறை கண்டது மனத்தில் நிற்கும்.

இறுதியாக, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். இயற்கைக்கு இடக்கை, வலக்கை என்னும் வேற்றுமை உண்டோ? மின்னோட்டமும் காந்தமும் சேர்ந்த இவ்விஷயத்தில் அது இல்லை. கம்பியைச் சூழும் புலத்தின் திசையைக் கூற ஒரு முறை கையையோ திருகாணியையோ பயன்படுத்துகிறோம். அப்புலத்தால் விளையும் விசையைக் கூற மறுபடியும் கையைப் பயன்படுத்துகிறோம். இரு இடங்களிலும் நாம் எல்லோரும் கையை மாற்றிக்கொள்வதாக உடன்பட்டால், நடுவே புலத்துக்கு நாம் இட்ட அம்புக்குறி திரும்பும்; முடிவில் கிடைக்கும் விசையோ மாறாது. ஒரே திசையில் ஓடும் இரு மின்னோட்டங்கள் அப்பொழுதும் ஒன்றையொன்று ஈர்த்தே தீரும். காந்தத் துண்டின் உள்ளேயும் எலக்ட்ரான்களின் சுழற்சியே காந்தத் தன்மையைத் தருகிறது. வடமுனை, தென்முனை என்று நாம் அழைப்பது அச்சுழற்சியின் பக்கத்துக்கு இட்ட பெயரே. ஆகவே, கை என்பது நமக்கும் கணக்குக்கும் இடையே உள்ள உடன்படிக்கை. செங்குத்தாகத் தள்ளும் விசை மட்டுமே இயற்கையின் செயல்.

விசைகள் யாவுமே இவ்வாறுதான் என்று விஞ்ஞானிகள் நெடுங்காலம் நம்பியிருந்தனர். அந்நம்பிக்கை 1956-ஆம் ஆண்டின் இறுதியில் உடைந்தது. வூ என்னும் அம்மையார் தம் குழுவினருடன் கோபால்ட் அணுக்களைக் கடுங்குளிரில், காந்தப் புலத்தில் ஒரே முகமாகச் சுழலும்படி நிறுத்தி, அவற்றிலிருந்து எழும் எலக்ட்ரான்கள் ஒரு பக்கமாகவே மிகுதியும் வெளிவருவதைக் கண்டார். அணுக்கருச் சிதைவுக்குக் காரணமான அந்த மென்விசை, இடத்தையும் வலத்தையும் உண்மையாகவே வேறுபடுத்துகிறது. கேரளத்தில் கோட்டயத்தை அடுத்த பகுதியில் பிறந்து, சென்னையில் பயின்ற நம் நாட்டு விஞ்ஞானி சுதர்சன், தம் ஆசிரியர் மார்ஷாக்குடன் சேர்ந்து 1957-இல் அவ்விசையின் இடக்கைத் தன்மையை விளக்கும் கொள்கையை வகுத்தார். அங்கே கை, மனிதர் இட்ட பெயரன்று. இயற்கையே கொண்ட கோலம்.

ஆகவே மாணவ நேயர்களுக்கு ஒன்று கூற விரும்புகிறேன். பரீட்சையில் இடக்கையைத் தாராளமாக நீட்டுங்கள். அது நல்ல துணை. ஆயினும் விரல்களை மடக்குமுன், புலம் எப்பக்கம் செறிகிறது, எப்பக்கம் மெலிகிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இரு வழிகளிலும் ஒரே விடை வந்தால், அது மனப்பாடம் அன்று, தங்கள் சொந்த அறிவு.